தை மாதத்தில் பிறக்கவிருக்கும் பிள்ளைக்குக் கட்டிலோடு ஒட்டிய தொட்டில்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

கேள்வி: அட்டனிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாத நடுப்பகுதியில் எனக்கு முதற் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. நாங்கள் இருப்பது அட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கொடுக்கப்பட்ட சிறிய வீட்டில். கணவர் கொழும்பில் வேலை செய்வதால் மாதத்தின் பெரும்பாலான இரவுகளில் நானும் மாமியாரும் மட்டுமே வீட்டில் இருப்போம். பிள்ளை இரவில் எங்கே உறங்க வேண்டும் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருப்பதால், அனுபவமுள்ளவர்களிடமும் விடயம் தெரிந்தவர்களிடமும் கேட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கண்டியில் ஒரு கடையில், பெரியவர்களின் கட்டிலோடு சேர்த்து வாரால் கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய தொட்டில் ஒன்றைப் பார்த்தேன். மூன்று பக்கம் வலைத்துணியும், தாயின் பக்கம் இறக்கி ஏற்றக்கூடிய சுவரும் கொண்டது. இரவில் எழுந்து நடக்காமலேயே பிள்ளையை எடுத்துப் பாலூட்டலாம் என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. இரண்டாவது, என் அக்காவின் பிள்ளைகள் உறங்கிய மரத் தொட்டில். அது உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு பக்கக் கிராதி மேலும் கீழும் வழுக்கி இறங்கும் வகையைச் சேர்ந்தது; கிராதிக் கம்புகளுக்கு இடையில் என் உள்ளங்கை தாராளமாக நுழைகிறது. மூன்றாவது, எங்கள் ஊர்த் தச்சரிடம் புதிதாக ஒன்று செய்வித்துக்கொள்வது.

இவை எதுவுமே தேவையில்லை, சேலையில் தொட்டில் கட்டினால் போதும், இரவில் குளிருக்குப் பிள்ளை தாயின் அணைப்பில்தான் கிடக்க வேண்டும் என்பது மாமியாரின் உறுதியான எண்ணம். அவர் பெற்று வளர்த்த பிள்ளைகள் அனைவரும் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்பதால் அவருடைய பேச்சை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. தை, மாசி மாதங்களில் எங்கள் பக்கத்து இரவுகள் எவ்வளவு குளிராக இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தனித் தொட்டிலில் படுக்க வைத்தால் பிள்ளை குளிரில் விறைத்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. தொட்டில் வாங்கும்போது எதை அளந்து பார்க்க வேண்டும், எதை விலக்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: நுவரெலியாவிலிருந்து ஒரு தாதி

வணக்கம் தங்கச்சி. பல ஆண்டுகளாகப் பிரசவ விடுதியில் பணி செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் தொட்டிலின் வகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் முதுகுக்குக் கீழே இருக்கும் பரப்பை. அது தட்டையாகவும் கெட்டியாகவும், மேலே வேறு பொருள் எதுவும் இல்லாமலும் இருந்தால், எளிய தொட்டிலும் போதுமானது. அப்படி இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பயனில்லை.

உறக்கத்தில் திடீரென நிகழும் சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களுக்குள், அதிலும் ஒன்று முதல் நான்கு மாத வயதுக்குள் நிகழ்கின்றன. அந்த வயதில் பிள்ளையால் தன் முகத்தை மூடும் துணியை விலக்கவும் முடியாது, மடங்கிய கழுத்தை நிமிர்த்திக்கொள்ளவும் முடியாது. பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992 இல் அறிவித்தது. 1994 இல் மல்லாந்து படுக்க வைப்பதை வலியுறுத்தி அந்நாட்டில் ஒரு பெரும் இயக்கமே தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அங்கே இவ்வகை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ வந்து நிகழ்ந்த மாற்றமல்ல அது, பிள்ளையைக் கிடத்தும் விதம் மாறியதால் நிகழ்ந்தது. அதே கழகத்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குப் பிள்ளை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கென உள்ள தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் மாமியார் பிள்ளை தாயின் அருகில் இருக்க வேண்டும் என்று சொல்வது சரியே. அருகில் என்பது ஒரே மெத்தையில் என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று விடுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு பாட்டியும் என்னிடம் சொல்வார்கள். உடலமைப்பை அறிந்தால் அந்தப் பயம் நீங்கும். பிள்ளை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைகின்றன. மேலேறி வரும் பால் தன் பாரத்தாலேயே திரும்ப உணவுக்குழாய்க்குள் இறங்கும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகி, மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நிலையானதல்ல, சிறிது அசைந்தாலும் பிள்ளை குப்புற உருண்டுவிடும். ஆகவே பாலூட்டி, தோளில் போட்டு ஏப்பம் வரச் செய்து, மல்லாத்திக் கிடத்துங்கள்.

இப்போது நீங்கள் பார்த்த தொட்டிலுக்கு வருகிறேன். கடையிலேயே அதன் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் பள்ளம் தங்காமல் மேற்பரப்பு நிமிர்ந்துவிட வேண்டும். மெத்தை தட்டையாகக் கிடக்க வேண்டும், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த உறங்கு தொட்டில்களையும், கிராதியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் அமெரிக்கா 2022 இல் சட்டம் இயற்றியே தடை செய்தது. சாய்வில் பிள்ளையின் தாடை மார்பில் மடிந்து மூச்சுப்பாதை குறுகிவிடும், பஞ்சுத் தடுப்பில் முகம் புதைந்துவிடும். நம் நாட்டுக் கடைகளில் சிறிய தலையணை, இரு பக்கமும் வைக்கும் உருளைத் தலையணைகள், வலைக் கூடு எல்லாம் சேர்ந்த மெத்தைத் தொகுதி அழகாகக் கட்டி விற்கப்படுகிறது. பார்க்க வருபவர்களில் ஒருவராவது அதைப் பரிசாகக் கொண்டு வருவார்கள். அன்போடு வாங்கி வையுங்கள்; இரவில் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள்.

தாயின் பக்கத்துச் சுவர் இறங்கும் தொட்டில்களுக்கு ஐரோப்பிய நியமம் ஒன்று உண்டு. ஈ.என். 1130 எனப்படும் அந்த நியமத்தின் 2019 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அந்தச் சுவர் இறக்கப்பட்ட நிலையிலும் மெத்தைக்கு மேல் குறைந்தது 12 சென்டிமீற்றர் தடுப்பு எஞ்சியிருக்க வேண்டும். பிள்ளை தாயின் மெத்தைக்கு உருண்டு வருவதையும், தாயின் போர்வை தொட்டிலுக்குள் சரிவதையும் அந்தச் சிறு தடுப்பு தடுக்கிறது. பெட்டியில் அந்த இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்டிருந்தாலும் ஓர் அளவுகோலை எடுத்துச் சென்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பதில்: தலவாக்கலையிலிருந்து ஒரு தந்தை

தாதி அக்கா சொன்னவற்றோடு முற்றாக உடன்படுகிறேன். அதே வகைத் தொட்டிலை நாங்கள் வாங்கிப் பயன்படுத்தினோம் என்பதால், கடையில் தெரியாமல் வீட்டுக்கு வந்த பின்பே தெரியக்கூடிய சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

வாங்குவதற்கு முன் உங்கள் கட்டிலை அளவெடுங்கள். நம் பக்கத்து மரக் கட்டில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கச் சட்டம் மெத்தையைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். தொட்டிலின் மெத்தையும் பெரியவர்களின் மெத்தையும் ஒரே மட்டத்தில், இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றால்தான் சுவரை இறக்கி வைக்கலாம். எங்கள் கட்டிலின் சட்டம் தடுத்ததால் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவில் ஓர் ஓடை போல இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் துவாயைச் சுருட்டி அடைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அது மிகவும் ஆபத்தானது. சுருட்டிய துணி இரவில் நெகிழும், பிள்ளையின் முகமோ கழுத்தோ அந்தப் பள்ளத்தில் சிக்கினால் சத்தம்கூட வெளியே வராது. நாங்கள் சுவரை ஏற்றி, நான்கு பக்கமும் மூடிய நிலையில் தொட்டிலைக் கட்டிலின் அருகில் தனியாகவே நிறுத்திக்கொண்டோம். கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் இருந்ததால் மனைவிக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. ஆகவே ஒட்டிக் கட்ட முடியாவிட்டால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஒட்டிக் கட்டுவதானால், அதனோடு தரப்படும் வார்களைக் கட்டிலின் மெத்தைக்குக் கீழாகக் கொண்டுபோய் மறுபக்கச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அருகிலுள்ள காலில் சுற்றிவிட்டால் மட்டும் போதாது. சக்கரமுள்ள தொட்டில்கள் மெழுகு பூசிய சிமெந்துத் தரையில் சிறிது சிறிதாக விலகும் இயல்புடையவை, அதிலும் மலைச்சரிவில் கட்டிய வீடுகளின் தரை எப்போதும் நீர்மட்டமாக இருப்பதில்லை. ஒவ்வோர் இரவும் விளக்கை அணைப்பதற்கு முன் இரு மெத்தைகளும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு விரல் உள்ளே இறங்கினாலும் வாரை மீண்டும் இறுக்குங்கள்.

பதில்: பண்டாரவளையிலிருந்து ஒரு தச்சர்

தங்கச்சி, உங்கள் அக்காவின் தொட்டிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பிள்ளையின் உறக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பக்கக் கிராதி வழுக்கி இறங்கும் தொட்டில்களில், காலப்போக்கில் தாழ்ப்பாள் தேய்ந்து கிராதியின் ஒரு முனை மட்டும் விலகிவிடும். அந்தக் கோணத்து இடைவெளியில் பிள்ளைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011 ஜூன் முதல் அவ்வகைத் தொட்டில்களின் விற்பனையைத் தடை செய்தது. கம்புகளுக்கு இடையில் உள்ளங்கை நுழைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே அதைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம். இடைவெளி 6 சென்டிமீற்றருக்கு மேல் போகவே கூடாது. அதைவிட அகலமானால் பிள்ளையின் உடல் நுழைந்து, தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பழைய தொட்டிலின் வண்ணப்பூச்சையும் நம்ப முடியாது. நம் நாட்டில் பூச்சுகளிலுள்ள ஈயத்தின் அளவுக்கான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013 இல்தான், பல் முளைக்கும் வயதில் பிள்ளை மேற்கட்டையைத்தான் முதலில் கடிக்கும். குடும்பத்துப் பொருள் என்பதால் எறிய மனம் வராது. கிராதிகளைக் கழற்றிவிட்டு அந்தப் பலகைகளை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

புதிதாகச் செய்விப்பதானால், மெத்தையை முதலில் வாங்கி அதைத் தச்சரின் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தொட்டிலைச் செய்துவிட்டு அதற்கு மெத்தை தேடினால் ஓரங்களில் இடைவெளி விழும். மெத்தைக்கும் கிராதிக்கும் நடுவில் இரண்டு விரல்களுக்கு மேல் நுழையக் கூடாது. அந்த இடைவெளியை அடைக்க இன்னொரு சிறு மெத்தைத் துண்டைச் செருகுவதும் கூடாது. தும்பு மெத்தையாயினும் ரப்பர் நுரை மெத்தையாயினும் புதியதாகவும் கெட்டியாகவும் இருந்தால் போதும். இலவம்பஞ்சு மெத்தை பிள்ளையின் பாரத்திலேயே பள்ளம் விழும், ஆகவே வேண்டாம்.

நம் பக்கத்தில் கினிசப்புப் பலகை எளிதாகக் கிடைக்கும், இலேசானது, இழைக்கவும் நன்றாக வரும். ஆனால் நன்றாக உலர்ந்த பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். ஈரப் பலகையில் செய்த கிராதி சில மாதங்களில் சுருங்கி, துளைக்குள்ளேயே கம்பு சுழலத் தொடங்கும். கம்பு ஒவ்வொன்றையும் மேற்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் துளையிட்டு இறக்கிப் பசை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், ஆணி அடித்துப் பொருத்துவது பிள்ளைத் தொட்டிலுக்கு ஏற்றதல்ல. நான்கு மூலைகளையும் மரையாணியால் இறுக்க வேண்டும், மரையாணியின் தலை மரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். மூலைத் தூண்கள் மேற்கட்டைக்கு மேல் குமிழ் போல நீண்டிருப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சட்டையின் கழுத்தோ நூலோ அதில் மாட்டினால் பிள்ளை தொங்கிவிடும். ஆகவே தூணை மேற்கட்டையோடு சமமாக வெட்டிவிடச் சொல்லுங்கள். தலைப்பக்கப் பலகையில் பூ வடிவத் துளைகளும் வேண்டாம். குறுக்குக் கம்புகள் வேண்டாம், நிற்கப் பழகும் பிள்ளை அவற்றை ஏணியாக்கி ஏறும். பிள்ளை வளர்ந்த பின் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கிராதியின் உச்சி வரை சுமார் 50 சென்டிமீற்றர் உயரம் வேண்டும் என்பதால், அடித்தட்டை இரண்டு உயரங்களில் மாற்றிப் பொருத்தும்படி செய்வது நல்லது.

அடித்தட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முழுப் பலகையாகப் போட்டால், மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் மெத்தையின் அடிப்பக்கம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, நடுவில் காற்றுப் போக வழி விடச் சொல்லுங்கள். வார்னிஷ் பூசிய பின் வாடை முற்றாகப் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதால், தையில் பிரசவம் என்றால் கார்த்திகைக்குள் வேலையை முடித்து வாங்கிவிடுங்கள்.

பதில்: மஸ்கெலியாவிலிருந்து, பிள்ளை மடுவத்தில் பணி செய்த ஒரு தாய்

மகளே, மாமியாரின் சேலைத் தொட்டிலைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச் செல்லும் பிள்ளைகளை, வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில்தான் நாங்கள் உறங்க வைத்தோம். அந்தத் தொட்டிலின் இதத்தை நான் அறிவேன், அது இல்லாமல் நம் பிள்ளைகள் வளர்ந்ததில்லை.

ஆனால் அங்கே பகல் வெளிச்சம் இருந்தது, பிள்ளைகளைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் விழித்திருந்தார்கள். சேலைத் துணி பிள்ளையின் பாரத்தில் குழிந்து இரு பக்கமும் முகத்தை நெருங்கும், பிறந்த பிள்ளையின் தலை முன்னால் கவிழ்ந்து தாடை மார்பில் படும். அப்படிப் படும்போதெல்லாம் நாங்கள் கையை விட்டுத் தலையை நிமிர்த்தி வைப்போம். இரவில் இருட்டில், அசதியில் உறங்கும் தாயால் அதைச் செய்ய முடியாது. ஆகவே மாமியாரின் மனதை நோகடிக்க வேண்டியதில்லை. பகலில் அவர் பக்கத்தில் அமர்ந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டித் தாலாட்டட்டும். கண் அயர்ந்ததும் எடுத்துக் கட்டைத் தொட்டிலில் மல்லாத்திப் போடட்டும். கட்டும்போது கூரைத் தீராந்தியையும் கயிற்றையும் சோதித்துப் பாருங்கள். தரையிலிருந்து உயரமாகக் கட்டாமல், தாழக் கட்டி, கீழே ஒரு பாயை விரித்து வையுங்கள்.

கண்ணேறு கழிய என்று கழுத்தில் கறுப்புக் கயிறோ பஞ்சாயுதமோ போடுவார்கள். உறங்கும் நேரத்தில் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. காத்து கறுப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் இரும்பு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கத்தியோ பாக்குவெட்டியோ தொட்டிலுக்குள் போகாமல் அறை வாசற்படியின் மேல் வைக்கச் சொல்லுங்கள், காவல் அறைக்கே கிடைக்கும் என்று சொன்னால் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவின் தொட்டிலை ஒதுக்கிவிட்டேன். எங்கள் கட்டிலை அளந்து பார்த்ததில் பக்கச் சட்டம் மெத்தையைவிடத் தாழ்வாகவே இருக்கிறது, ஆகவே கண்டியில் பார்த்த தொட்டிலை ஒட்டிக் கட்ட முடியும் என்று நினைக்கிறேன். மாமியாரிடமும் மஸ்கெலியா அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். பகலில் சேலைத் தொட்டில் என்பதில் அவருக்கு நிறைவுதான்.

குளிரைப் பற்றிய பயம் மட்டும் இன்னும் எங்கள் இருவருக்கும் போகவில்லை. கம்பளி போர்த்தாமல், தலைக்குக் குல்லா இல்லாமல், அறையில் கரி அடுப்பும் வைக்காமல் ஒரு பச்சிளம் பிள்ளையைத் தையின் இரவில் எப்படிக் கிடத்துவது? அதோடு, எத்தனை மாதம் வரை அந்தத் தொட்டிலில் வைத்திருக்கலாம் என்பதையும் தாதி அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: நுவரெலியாவிலிருந்து தாதி

தங்கச்சி, முதலில் கரி அடுப்பு. மூடிய அறையில் கரியோ விறகோ எரிந்தால் கார்பன் மொனொக்சைட்டு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர் விழித்துக்கொள்ளாமலேயே உயிரை எடுத்துவிடும். பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மாமியாருக்கும் அதே ஆபத்து. அறைக்குள் நெருப்பு எந்த வடிவிலும் வேண்டாம். சமையலறை விறகுப் புகையும் படுக்கையறைக்கு வராதபடி கதவைச் சாத்தி வையுங்கள், வீட்டுக்கு வரும் உறவினர் யாரும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் புகைபிடிக்க இடம் கொடுக்காதீர்கள்.

குளிருக்கான வழி பிள்ளையின் உடையில் இருக்கிறது. உடம்பை ஒட்டிய பருத்தி உள்சட்டை, அதன்மேல் கை கால் மூடிய முழு உடை, அதற்கும் மேல் கைகள் வெளியே நிற்கும்படியான உறங்கு பை என்று அடுக்கடுக்காக உடுத்துங்கள். நீங்கள் அந்த அறையில் எத்தனை அடுக்கு உடுத்தால் இதமாக இருக்குமோ, அதைவிட ஓர் அடுக்கு கூட இருந்தால் பிள்ளைக்குப் போதும். உறங்கு பையைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, தையற்காரர் ஃபிளனல் துணியில் தைத்துக் கொடுப்பார். கழுத்து வட்டம் பிள்ளையின் தலை உள்ளே நழுவாத அளவுக்குச் சிறியதாகவும், தலைமூடி இல்லாமலும் இருக்க வேண்டும், கால் பக்கம் மட்டும் உதைத்து ஆடுவதற்குத் தாராளமாக விடச் சொல்லுங்கள். தனிக் கம்பளி அப்படியல்ல. பிள்ளை உதைக்க உதைக்க அது மேலே ஏறி முகத்தில் விழும்.

பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க எல்லோரும் கையையும் காலையும்தான் தொடுவார்கள். பிறந்த பிள்ளையின் கைகால்கள் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிள்ளையின் பிடரியிலோ நெஞ்சிலோ இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரியான அளவு. ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். மிகையான சூடும் திடீர் மரணத்துக்கான ஆபத்தை ஏற்றும். நெஞ்சே குளிர்ந்திருந்தால் உடனே உங்கள் மார்போடு தோல் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துக்கொண்டு விழித்திருங்கள். சூடு திரும்பாவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருந்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டுக்குள் உறங்கும்போது குல்லா தேவையில்லை, பிள்ளை அதிகச் சூட்டை வெளியேற்றுவதே தலை வழியாகத்தான். கழன்று முகத்தை மூடும் ஆபத்தும் உண்டு. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தாலோ, மாதம் நிரம்பாமல் பிறந்தாலோ இந்த அறிவுரை மாறலாம். அப்போது விடுதியிலிருந்து சொல்லி அனுப்பும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். அத்தகைய பிள்ளையை உங்களோடு ஒரே மெத்தையில் படுக்க வைப்பது மற்றப் பிள்ளைகளைவிடவும் ஆபத்தானது. தொட்டில் மெத்தை சில்லென்று இருந்தால், சுடுநீர்ப் பையை முன்கூட்டியே வைத்துச் சூடேற்றி, பிள்ளையைக் கிடத்துவதற்கு முன் அதை எடுத்துவிட்டு, மெத்தையைக் கையால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் ஷீட் போடுவதானால் மெத்தைக்குக் கீழே இழுத்துச் செருகி, அதன்மேல் துணி விரிப்பையும் இறுக்கமாகச் செருகுங்கள், ஓரம் தளர்ந்து கிடக்கும் ரப்பர் ஷீட் முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைபடும்.

இரவில் பாலூட்டும்போது கண் அயர்ந்துவிடுமோ என்று தோன்றினால், நாற்காலியிலோ சோபாவிலோ அமர்ந்து ஊட்டாதீர்கள். அங்கே உறங்கிப்போவது கட்டிலில் உறங்கிப்போவதைவிட ஆபத்து மிகுந்தது. கட்டிலிலேயே, தலையணைகளையும் போர்வையையும் தள்ளி வைத்துவிட்டு ஊட்டுங்கள், விழிப்பு வந்த கணமே பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுங்கள். மாமியாரும் அதே அறையில் படுப்பதானால், ஊட்டும் நேரத்தில் உங்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். அவருக்கும் பேரப்பிள்ளையின் இரவில் ஒரு பங்கு கிடைக்கும்.

எத்தனை மாதம் என்பதற்கு வயதைவிடப் பிள்ளையின் அசைவே அளவு. கட்டிலோடு ஒட்டும் தொட்டில்கள் ஆழம் குறைந்தவை. பிள்ளை கையையும் முழங்காலையும் ஊன்றி எழத் தொடங்கியதும், அல்லது பிடித்துக்கொண்டு அமர முயன்றதும், அன்றிலிருந்தே அதை நிறுத்திவிட்டு உயர்ந்த கிராதியுள்ள தொட்டிலுக்கு மாற்ற வேண்டும்; பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஐந்து, ஆறு மாதத்தில் வரும். பெட்டியில் எழுதியிருக்கும் எடை வரம்பு அதற்கு முன்பே வந்துவிட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஆகவே பண்டாரவளை அண்ணனின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பெரிய தொட்டிலைச் சித்திரைக்குப் பிறகு ஆறுதலாகச் செய்விக்கலாம். துணியில் சுற்றிக் கட்டும் வழக்கத்தை மட்டும் அதற்கு முன்பே, பிள்ளை புரள முயலும் முதல் அறிகுறியிலேயே விட்டுவிட வேண்டும்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். தாய்ப்பாலையும் தொப்புளையும் பார்க்கத்தானே வருகிறார் என்று தயங்காமல், படுக்கையறைக்கு அழைத்துச் சென்று தொட்டிலைக் காட்டுங்கள். அவரையே மெத்தையை அழுத்தி, வாரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரும் அப்போது அருகில் இருக்கட்டும்.